தவிட்டோடு போகும் சத்து

அரிசியை முக்கிய ஆகாரமாகக் கொண்ட குடும்பங்களில் காய்கறி நாளுக்கு நாள் மாறும்; குழம்பும் மாறும்; அரிசி மாறுவதில்லை. ஆகவே காய்கறியில் நேரும் குறை ஒரு நாளோடு போய்விடும். அரிசியில் நேரும் குறையோ வருஷம் முழுவதும் தேகத்தில் சேர்ந்துகொண்டே வரும். நெல்லை எவ்விதம் அரிசியாக்குவது, அவ்வரிசியை எவ்விதம் களைந்து வடிப்பது என்பன அற்பமான வீட்டு விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் ஆயிரக்கணக்கான ஜனங்களின் உயிர் இவற்றையே பொறுத்திருந்த காலமும் உண்டு. நெல்லை விளைவிப்பவரும், அதை அரைவை யந்திரத்துக்கு அனுப்புபவரும், பண்டகசாலையில் அரிசியை வாங்கி உண்பவரும் பெரும்பாலும் ஐக்கிய சங்கத்தின் அங்கத்தினர்களேயாதலால், இச்சரித்திரம் அவர்கள் அறிந்துகொள்ளத்தக்கது.

நெல்மணியின் மேலே உமி இருக்கிறது. உமியை நீக்கினால் செந்நிறமோ பழுப்பு நிறமோ உடைய மெல்லிய தோல் காணப்படும். அதுவே தீட்டும்போது தவிடாகிறது. மணியின் ஒரு முனையில் முளை அமைந்துள்ளது. இவற்றுக்கு உள்ளே இருக்கும் வெண்மையான பாகம் பெரும்பாலும் மாவுப்பொருளே. தேகத்துக்கு வேண்டிய ஜீவசத்துக்களும், கொழுப்பும், உலோகச் சத்துக்களும் தோலிலும் முளையிலுமே அதிகமாகத் தங்கியுள்ளன. உரலில் குத்தும்போது இவற்றில் ஒரு பங்கு அரிசியோடு நின்றுவிடும். யந்திரத்திலிட்டு இரண்டு மூன்று முறை தீட்டினால் அரிசி முத்துப்போல் வெளுக்கும். சத்து தவிட்டோடு வெளியேறும். தவிட்டைத் தின்னும் மாடு கொழுப்பதையும், அரிசியை உண்ணும் எஜமானன் மெலிவதையும் சில வீடுகளில் ஒருங்கே காணலாம்.

ஜாவாத் தீவின் கோழிகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவி யந்திரங்கள் பரவியபோது, கிழக்குத் தேசங்களில் பெரி-பெரி என்னும் வியாதியும் பெருகலாயிற்று. முதலில் பாதங்கள் மரத்துப்போகும்; கெண்டைக்கால் சதை வலிக்கும்; குந்தி உட்கார்ந்தவன் கையூன்றாமல் எழமாட்டான். பின்பு சிலருக்குக் கால்கள் சூம்பும். சிலருக்கு நீர்கோத்து வீங்கும். முடிவில் இருதயம் தளர்ந்து மரணம் நேரிடும். சிறைச்சாலைகளிலும், பட்டாளங்களிலும், கப்பல்களிலும் இது கூட்டங்கூட்டமாகத் தாக்கியபடியால், இதைத் தொத்துவியாதி என்றே வைத்தியர் பலரும் கருதினர்.

அக்காலத்தில் டச்சுக்காரரின் ஆளுகையிலிருந்த ஜாவாவில், இப்பொழுது ஜகார்த்தா எனப்படும் பட்டேவியா நகரத்தில், கிறிஸ்தியான் எய்க்மான் என்னும் வைத்தியர் இதன் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். 1890-ஆம் வருஷத்தை ஒட்டி, அவருடைய ஆராய்ச்சிச்சாலைக் கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து விழுந்தன; சில மாதங்களுக்குப்பின் தாமாகவே தேறின. விசாரித்ததில், இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச்சோறு அவற்றுக்கு இடப்பட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் பட்டாளத்துச் சோற்றைப் பட்டாளத்தைச் சேராத கோழிகளுக்குக் கொடுக்க மறுத்ததும் தெரியவந்தன. அதன்பின் கோழிகளுக்குத் தீட்டாத அரிசி கிடைத்தது, வியாதியும் நீங்கிற்று. ஒரு சமையற்காரரின் கண்டிப்பு பெரிய சாஸ்திர உண்மை ஒன்றுக்கு வாயிலைத் திறந்துவிட்டது.

கோழிக்குக் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்று அறிய, ஃபோர்டர்மன் என்னும் அதிகாரி ஜாவா, மதுரா தீவுகளின் சிறைச்சாலைகளைப் பரிசோதித்து 1897-இல் முடிவுகளை வெளியிட்டார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 கைதிகளில் ஒருவருக்குப் பெரி-பெரி கண்டிருந்தது. தீட்டாத அரிசி வழங்கிய சிறைகளில் 10,000 பேரில் ஒருவருக்கே கண்டிருந்தது. வெள்ளரிசியில் ஏதோ விஷம் இருப்பதாக எய்க்மான் எண்ணினார். விஷமன்று, தேவையான ஒரு பொருளின் இன்மையே காரணம் என்று 1901-இல் விளக்கியவர் அவருக்குப் பின் அவ்விடத்தில் வேலை செய்த கிரைன்ஸ். 1912-இல் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்ற பெயரின் மூலத்தை ஃபங்க் என்பவர் வழங்கினார். 1926-இல் அதே பட்டேவியாவில் தவிட்டிலிருந்து அப்பொருள் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே இன்று தயாமின் அல்லது பி1 எனப்படுவது. எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மலேயாவில் தமிழர் தப்பிய விதம்

இவ்வாராய்ச்சியில் தமிழர்களின் சோற்றுப்பானைக்கும் ஓர் இடம் உண்டு. மலேயாவில் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் சயாம் தேசத்து வெள்ளைப் பச்சரிசியை உண்டு, பெரி-பெரியால் பெருந்தொகையாக மடிந்தனர். அதே தேசத்தில், அதே சீதோஷ்ணத்தில், தோட்டங்களில் உழைத்த தமிழர்களை அவ்வியாதி பெரும்பாலும் அணுகவில்லை. அவர்கள் சீனரைவிடச் செழிப்பாக வாழ்ந்தவர்களல்லர். ஊர்ப் பழக்கத்தை விடாமல் புழுங்கலரிசியைச் சமைத்து வந்தனர், அவ்வளவே. இவ்வித்தியாசத்தை நெகிரி செம்பிலானில் வைத்தியராயிருந்த பிராடன் கவனித்து எழுதினார்.

1905-ஆம் வருஷக் கடைசியில் ஃபிளெட்சர் என்னும் வைத்தியர் கோலாலம்பூர் மனநோய் வைத்தியசாலையில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினருக்கு முன்போல் சயாம் அரிசியையும், இரட்டைப்படை எண்ணினருக்கு இந்தியப் புழுங்கலரிசியையும் கொடுத்தார். மற்ற உணவில் வேறுபாடு இல்லை. சயாம் அரிசி உண்டவர்களில் பலரை வியாதி பற்றி, 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசித் தொகுதியில், நோயோடு வந்து சேர்ந்தவர் தவிர மற்றெவருக்கும் அது காணவில்லை. அதனால் இறந்தவரும் இல்லை. தம் நிலையை எடுத்துச்சொல்ல வகையற்ற நோயாளிகளை இவ்விதம் பிரித்து வைத்தது இக்காலத்து நியாயத்துக்கு ஒவ்வாது. எனினும் அவர்கள் உயிர் கொடுத்து வாங்கிய பாடம் வீணாகவில்லை.

புழுக்குவதில் நடைபெறுவது இதுவே: நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தோலிலும் முளையிலும் உள்ள பி1 சத்து நீரில் கரைந்து உள்ளே மாவுப்பாகத்துக்குச் செல்கிறது. அவித்த மணி காய்ந்து இறுகியபின் யந்திரத்தில் தீட்டினாலும், உள்ளே சென்றது வெளியே வருவதில்லை. இக்காரணத்தை அறியாமலே, குத்துவதற்கு எளிது, அரிசி நொய்யாகாது என்பன போன்ற அனுபவங்களைக் கொண்டு முன்னோர் இம்முறையைக் கைக்கொண்டனர்.

அக்காலச் சென்னை மாகாணத்தின் உள்ளேயே இதற்கு அத்தாட்சி இருந்தது. விசாகப்பட்டணம், கோதாவரி, குண்டூர் முதலான வடசர்க்கார் ஜில்லாக்களில் யந்திரத்தில் தீட்டிய பச்சரிசியே வழக்கம்; அங்கே பெரி-பெரி நிலைகொண்டிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களில் அது அரிது. இவ்வியாதியை விசாரிக்கவே 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில், ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வோர் அறையே வளர்ந்து, 1958-ஐ ஒட்டி ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய போஷாக்கு நிலையமாக விளங்குகிறது.

வியாதியின் கொடுமை முழுவதையும் அனுபவித்தவர்கள் கைக்குழந்தைகளே. தாய்க்கு வெளிப்படையாக நோய் தெரியாது. அவளுடைய பாலில் மட்டும் சத்துக் குறைந்திருக்கும். இரண்டு மூன்று மாதக் குழந்தை பால் குடியாமல், குரல் கம்மி, மூச்சுத் திணறி, சில மணி நேரத்தில் இறந்துபோகும். தோஷம் என்றும் திருஷ்டி என்றும் சொல்லி அடக்கம் செய்வதைத் தவிர வீட்டார் வேறொன்றும் அறியார். பிலிப்பைன் தீவுகளில் இத்தகைய குழந்தைகளுக்குத் தவிட்டுச் சாரத்தைப் புகட்டிக் குணமாக்கலாம் என்பதை 1912-இல் சேம்பர்லெயின், வெடர் என்னும் வைத்தியர்கள் காட்டினர். இது பழங்கதையன்று. பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியம் என்று சொல்லி வெள்ளைச்சோற்றைத் தவிர மற்றவற்றை விலக்கும் வழக்கமுள்ள லாவோஸ் தேசத்திலும், காஷ்மீரத்திலும் இந்நூற்றாண்டிலும் இவ்வியாதி குழந்தைகளிடம் காணப்பட்டது. பத்தியம் கடுமையாக உள்ள வீடுகளில், பருப்பையாவது விலக்காதிருத்தல் குழந்தைக்குச் செய்யும் பேருதவி.

அடுப்படியில் நேரும் நஷ்டம்

100 கிராம் அளவில், யந்திரத்தில் தீட்டிய பச்சரிசியில் 0.06 மில்லிகிராம் பி1 சத்து உள்ளது. கைக்குத்தல் பச்சரிசியிலும், தீட்டிய புழுங்கலரிசியிலும் 0.21, கைக்குத்தல் புழுங்கலரிசியில் 0.27, தவிட்டில் 2.7. உழைக்கும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் வேண்டும். அவன் 500 கிராம் அரிசி உண்பதானால், தீட்டிய பச்சரிசியில் 0.3 மில்லிகிராமே கிடைக்கும். புழுங்கலரிசியில் 1 மில்லிகிராமுக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும்.

இக்கணக்கிலிருந்து வேறொன்றும் விளங்கும். 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தார் கைக்குத்தல் அரிசியைப் பெரிதும் வற்புறுத்தினர். பச்சரிசி உண்ணும் ஜில்லாக்களுக்கு அது மிகப்பொருத்தமான உபதேசம். புழுங்கலரிசி உண்ணும் இடங்களில் உலக்கைக்கும் யந்திரத்துக்கும் உள்ள வேற்றுமை சொற்பமே. உலக்கை பிடித்துக் கை காய்த்த பெண்களை மீண்டும் உரலுக்கு அனுப்புவதைவிட, நெல்லைப் புழுக்கி, அளவோடு தீட்டுவதே நியாயமான வழி.

மேற்சொன்ன அளவுகள் சமைக்குமுன் உள்ளவை. பி1 நீரில் கரைவது. தீட்டிய பச்சரிசியைத் தேய்த்துத் தேய்த்து நாலைந்து முறை களைந்தால், எஞ்சியிருந்ததில் பாதி வரையிலும் கழுநீர்த் தொட்டிக்குப் போய்விடும். புழுங்கலரிசியில் இந்நஷ்டம் மிகக் குறைவு. நிறைய நீர் வைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டினால் மேலும் நஷ்டமே. கல்லும் தூசும் நீங்க ஒன்றிரண்டு முறை களைந்து, அளவான நீரில் பொங்குவது நன்று. வடிப்பதே வழக்கமானால், கஞ்சியில் உப்பிட்டுக் குடித்துவிடலாம். பழைய சோற்றை அதன் நீராகாரத்தோடு உண்பவர், நீரில் இறங்கிய சத்தை இழப்பதில்லை. பருப்பு விரைவில் வேக வேண்டுமென்று சோடா உப்புச் சேர்ப்பது தீய பழக்கம்; அது பி1 சத்தை அழித்துவிடும்.

பண்டிகைக்கும் விருந்துக்கும் பச்சரிசி சமைப்பதால் தீங்கில்லை. புழுங்கலரிசியைக் கூலிக்காரன் அரிசி என்று இகழ்ந்து, கௌரவத்துக்காக நாள்தோறும் வெளுத்த பச்சரிசியை வாங்குவதே தவறு. வேறு வழியில்லாதவர்கள் பருப்பினால் குறையை ஈடுசெய்யலாம். துவரையிலும் உளுந்திலும் 100 கிராமுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் பி1 உண்டு. பச்சை வேர்க்கடலையில் 0.9 உண்டு, வறுத்தால் அது பாதிக்கும் கீழே இறங்கும். கேழ்வரகில் 0.42 இருப்பதோடு, சுண்ணாம்புச் சத்து சுமார் 344 மில்லிகிராம் உள்ளது. தீட்டிய அரிசியில் அது 10 மாத்திரமே.

தற்காலத்தின் வேறொரு வியாதி

கலப்பு ஆகாரம் பரவியதால் பெரி-பெரி இன்று தமிழ்நாட்டில் அரிதாகிவிட்டது. மிதமிஞ்சிக் குடிப்பவர்களிடமும், மசக்கையில் வாரக்கணக்காக வாந்தியெடுக்கும் கர்ப்பிணிகளிடமும் சிலவேளை தலைகாட்டுகிறது. ஆனால் அதே வெள்ளரிசி இப்பொழுது நீரிழிவுக்குத் துணைபோகிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டு என்று 2023-இல் வெளியான கணக்கு தெரிவிக்கிறது. தவிடு நீங்கிய சோறு விரைவில் ஜீரணித்து இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. ஏர் பின்னே நடந்தவன் உண்ட அதே அளவை, நாற்காலியில் அமர்ந்திருக்கும் அவன் பேரன் உண்பது தகாது. இவ்வியாதியில் அரிசியின் ஜாதியைவிட அளவே முக்கியம். தவிடு நீங்காத அரிசியானாலும் குவித்து உண்டால் சர்க்கரை ஏறும். கேழ்வரகை நைய அரைத்துக் கூழாகக் காய்ச்சிக் குடித்தாலும் ஏறும். சோற்றைக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பும் கீரையும் காயும் வைப்பதே வழி.

சங்கங்கள் செய்யக்கூடியவை

தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவு சங்கங்களே நடத்துகின்றன. அவற்றில் பச்சரிசியும் புழுங்கலரிசியும் வழங்கப்படுகின்றன. 2023 முதல் நீலகிரி, தர்மபுரி ஜில்லாக்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு பெறவும் ஏற்பாடு செய்யப்பட்டது. எதை வாங்குவது என்னும் தீர்மானம் குடும்ப அட்டையோடு வரிசையில் நிற்பவரிடமே இருக்கிறது.

சொந்த நெல்லை அரைப்பவர்கள், உமி நீங்கியபின் ஒருமுறை மட்டும் தீட்டும்படி யந்திரக்காரரிடம் முன்னதாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் வழக்கப்படி வெளுத்தே தருவார். சங்கத்துக்குச் சொந்த யந்திரம் இருப்பின், குறைவாகத் தீட்டிய அரிசிக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கலாம். இவ்வரிசியில் ஓர் அசௌகரியம் உண்டு. தவிட்டிலுள்ள எண்ணெய் நாளடைவில் சிக்குவாடை வீசும். வண்டும் எளிதில் பற்றும். வியாபாரிகள் வெள்ளரிசியை விரும்புவதற்கு இதுவே உண்மையான காரணம். ஆதலால் நெல்லை நெல்லாகவே சேமித்து, பதினைந்து நாளைக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்பொழுது அரைத்து, ஈரமில்லாத பாத்திரத்தில் மூடி வைத்துக்கொள்ள வேண்டும்.