சைக்கிள் எட்டும் தூரத்தில் ஒரு வரலாற்றுப் பாடம்

உள்ளூர் வரலாற்றைப் பாடத்தோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்பதில் நம்மில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதற்கு நேரம் எங்கே என்பதுதான் கேள்வி. வாரத்துக்கு 28 பாடவேளை, திருத்த வேண்டிய நோட்டுகள், எமிஸ் பதிவுகள், தேர்வுகள், பயிற்சி வகுப்புகள் என்று நாள்கள் ஓடுகின்றன. களப்பயணம் என்றாலே பேருந்து, அனுமதி, செலவு, ஒரு முழு நாள் என்று மனம் கணக்குப் போடுகிறது. அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ளி வைத்துவிடுகிறோம்.

நான் புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் வட்டாரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. மூன்று ஆண்டுகளாகப் பள்ளி வேலைக்கு இடையூறு இல்லாமல், சைக்கிளில் சிறு சிறு பயணங்களாக எங்கள் வட்டாரத்தைப் பார்த்து வருகிறேன். அதிலிருந்து வகுப்புக்குக் கிடைத்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். எந்த மாவட்டத்தில் பணிபுரிபவரும் இடப்பெயர்களை மாற்றிக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம்.

ஏன் சைக்கிள்?

பேருந்து நிறுத்தத்தில்தான் நிற்கும். மோட்டார் வாகனத்தில் போகும்போது வயலுக்குள் சாய்ந்து நிற்கும் ஒரு கல் கண்ணில் படுவதற்குள் அதைக் கடந்திருப்போம். சைக்கிளை நினைத்த இடத்தில் நிறுத்தலாம், வரப்பு ஓரமாகத் தள்ளிக்கொண்டும் போகலாம். ஆடு மேய்ப்பவர், கரையில் உட்கார்ந்திருப்பவர் என்று யாரும் தயங்காமல் பேசுவார்கள். "எங்க டீச்சர் இந்த வெயில்ல?" என்ற கேள்வியில் தொடங்கும் பேச்சு, "அந்தப் பொட்டல்ல வட்டமா கல்லு கெடக்கும், பாத்திருக்கீங்களா?" என்பதில் வந்து நிற்கும். சித்தன்னவாசலைச் சுற்றியுள்ள பகுதியில் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் இருப்பது நூல்களில் பதிவான செய்திதான். ஆனாலும் கல்வட்டம் எந்தப் பொட்டலில் என்று காட்ட உள்ளூர்க்காரர்தான் வேண்டும்.

இன்னொன்று, சைக்கிள் மிதிக்கும்போது நிலத்தின் ஏற்ற இறக்கம் காலுக்குத் தெரியும். அதன் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

நேரத்தை எடுப்பது எப்படி?

மூன்று விதிகள் வைத்துக்கொண்டேன். ஒரு பயணத்தில் ஓர் இடம் மட்டும். அந்த இடத்துக்கு ஒரே ஒரு கேள்வி. போக, பார்க்க, திரும்ப எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம். மாதத்துக்கு இரண்டு பயணம் என்றால் ஓர் ஆண்டில் இருபது இடமாவது பார்த்துவிடலாம்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். பள்ளி விட்டதும் நேராகப் போனால் இருட்டுவதற்குள் வந்துவிடலாம். நமக்கு ஓய்வு கிடைக்கும் இந்த இரு வேளைகளும்தான் கல்வெட்டு பார்க்க ஏற்றவை. உச்சி வெயிலில் எழுத்துகள் பாறையோடு பாறையாக மறைந்துவிடும். வெயில் சாய்வாக விழும்போதுதான் வெட்டின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து துலங்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சில இடங்களுக்குத் திறக்கும் நேரம் உண்டு. அவற்றை மட்டும் விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்கிறேன்.

குறிப்பேட்டில் ஓர் இடத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தை நான்காகப் பிரித்து 'பார்த்தது', 'கேட்டது', 'படித்தது', 'வகுப்புக்கு' என்று தலைப்பிடுகிறேன். இந்தப் பிரிப்பு முக்கியமானது. சமணத் துறவியர் தங்கிய குகையை ஊரார் பாண்டவர் படுக்கை என்று சொல்லக்கூடும். அதைப் பொய் என்று ஒதுக்க வேண்டாம், உண்மை என்று பாடத்தில் சேர்க்கவும் வேண்டாம். 'கேட்டது' என்ற கட்டத்தில் எழுதினால் போதும். சான்று எது, செவிவழிச் செய்தி எது என்று பிரித்தறிவதை மாணவர்கள் இந்த ஒரு பக்கத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

'படித்தது' என்ற கட்டத்துக்கு எங்கள் மாவட்டம் கொடுத்து வைத்தது. 1948-இல் இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை, தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களைத் தொகுத்து 1929-இல் நூலாகவே வெளியிட்டது. திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகமும் இருக்கிறது. மற்ற மாவட்டங்களில் மாவட்ட மைய நூலகத்தில் தொடங்கலாம்.

மூன்று இடங்கள், மூன்று பாடங்கள்

சித்தன்னவாசல்: மலைமீது ஏறி மறுபக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம் என்னும் குகைத்தளம். பாறையில் கால் வைக்க வெட்டிய ஏழு குழிகளால் வந்த பெயர். உள்ளே தலையணை போன்ற மேட்டோடு வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள். அவற்றில் ஒன்றில் கிறித்துவுக்கு முற்பட்ட காலத்தைச் சேர்ந்த தமிழ்-பிராமி எழுத்து. எருமி நாட்டில் பிறந்த ஒரு துறவிக்காக வேறோர் ஊர்க்காரர் செய்துகொடுத்த படுக்கை என்பது அதன் செய்தி.

இங்கே நான் கொண்டுபோன கேள்வி, "இதைச் செய்தது அரசனா?" என்பது. இல்லை. ஒருவருக்காக இன்னொருவர் செய்து, பேரும் ஊரும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் தமிழ்-பிராமி எழுத்து பற்றி நடத்தும்போது, எழுத்து அரண்மனையோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இதைவிட அருகில் சான்று கிடைக்காது.

அதே மலையின் அறிவர் கோயிலை எல்லாரும் ஓவியத்துக்காகப் பார்ப்பார்கள். தாமரைக் குளமும் மீன்களும் பூப்பறிப்போரும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் வெளியே பாறையில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இக்கோயிலைப் புதுப்பித்து முன்மண்டபம் எடுத்தவர் மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்று அது சொல்கிறது. அவரை அது குறிப்பிடும் சொல் 'ஆசிரியன்'. சமண ஆசாரியர் என்ற பொருளில் வந்த சொல்தான். இதைச் சொன்னதும் என் வகுப்பில் ஒரு மாணவி, "அப்ப சாரு டீச்சரெல்லாம் அப்பவே கோயிலுக்கு மராமத்து பாத்திருக்காங்க" என்றாள். ஒரு சொல்லின் பொருள் காலந்தோறும் எப்படி மாறுகிறது என்று அடுத்த இருபது நிமிடம் பேசினோம்.

குடுமியான்மலை: மேலைக்கோயில் என்னும் குடைவரைக்கு அருகே, பாறைச் சரிவில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. கிரந்த எழுத்தில் 38 வரிகள், ஏழு பகுதிகள். பகுதிக்கு ஓர் இராகமாகச் சுர வரிசைகள். ருத்ராசாரியரின் மாணவனான ஓர் அரசன் இதை மாணவர்களின் நன்மைக்காகச் செய்தான் என்பது அதன் முடிவுரை. அப்படியென்றால் இது பாறையில் எழுதிய பாடக்குறிப்பு!

அந்த அரசன் முதலாம் மகேந்திரவர்மன் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. ஆனால் கல்வெட்டில் அவன் பெயர் இல்லை, ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. இதை மறைக்காமல் வகுப்பில் வைத்தேன். மாணவர்களை இரு குழுவாக்கி, "பெயர் இல்லாத கல்வெட்டுக்கு ஆளைக் கண்டுபிடிக்க என்னென்ன சான்று வேண்டும்?" என்று கேட்டேன். எழுத்தின் வடிவம், பக்கத்தில் உள்ள மற்ற கல்வெட்டுகள், அப்போது இந்தப் பகுதியை ஆண்டவர் யார் என்று அவர்களே பட்டியல் போட்டார்கள். வரலாறு என்பது மனப்பாடம் செய்யும் விடை மட்டுமல்ல என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எங்கள் ஊர்க் கண்மாய்: பெயர்பெற்ற சின்னம் எதுவும் இல்லாத ஊரில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு இந்தப் பாடம். கரையோரமாகச் சைக்கிள் ஓட்டினால், எங்கே மிதிக்காமலே உருள்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது என்பதை வைத்தே நிலத்தின் சரிவு புரியும். ஒரு கண்மாயின் கலிங்கில் வழியும் நீர் எந்த வாய்க்காலில் இறங்கி எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று அந்தச் சரிவைத் தொடர்ந்தே போனேன். பிறகு எட்டாம் வகுப்பு மாணவர்கள் அவரவர் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, ஐந்து கண்மாய்களை இணைக்கும் வரைபடம் வரைந்தார்கள். கடைசிக் கண்மாய் மட்டும் நல்ல மழையிலும் நிறைவதில்லை. காரணம் வரைபடத்திலேயே தெரிந்தது. நடுவில் ஒரு வாய்க்கால் மனைக்கட்டுகளுக்குள் காணாமல் போயிருந்தது.

கண்மாயின் உள்வாயில் நிற்கும் இரு கல்தூண்களையும் அவர்கள் அதுவரை பொருட்படுத்தியதில்லை. அவை குமிழிக் கால்கள். குறுக்குக் கற்களைப் பிடித்து நீருக்குள் இறங்கி, அடியில் உள்ள துளையின் அடைப்பைத் திறந்து பாசன நீர் விடுவதற்கான அமைப்பு. புதுக்கோட்டைப் பகுதியில் இத்தகைய தூண்கள் பலவற்றில் எழுத்துகளும் உண்டு. அரசர் பெயர்களை விட, "இதுக்குள்ள முங்கி அடைப்ப எடுத்தது யாரு டீச்சர்?" என்ற கேள்விதான் அன்று வகுப்பை நிறைத்தது.

பாட்டிமார்களின் சைக்கிள்

எங்கள் மாவட்டத்தில் சைக்கிளே ஒரு வரலாறு. 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முயற்சியில் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதும் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு.

இதைப் பாடமாக்குவது எளிது. "உங்கள் வீட்டில், தெருவில் அறிவொளிக் காலத்தில் சைக்கிள் கற்றவரிடம் ஐந்து கேள்வி கேட்டு எழுதி வாருங்கள்" என்றேன். யார் கற்றுக்கொடுத்தார்கள், எங்கே பழகினீர்கள், யார் என்ன சொன்னார்கள், முதலில் எங்கே போனீர்கள், அதன்பின் எது மாறியது. ஒரு மாணவியின் பாட்டி சொன்னதை அப்படியே தருகிறேன்: "தண்ணி எடுக்க ரெண்டு மைலு நடப்பேன். சைக்கிள் வந்தப்புறம் கொடத்தக் கட்டிக்கிட்டுப் போயி வந்துருவேன். பொம்பள சைக்கிள் ஓட்டுறாளேன்னு சிரிச்சாக. சிரிச்சவுக வீட்டுப் பொண்ணும் மறுவருசம் ஓட்டுச்சு."

அரசு தரும் விலையில்லா சைக்கிளைப் பதினோராம் வகுப்பில் வாங்கப்போகும் அந்த மாணவி, தன் பாட்டி ஒரு வரலாற்றில் பங்கெடுத்தவர் என்பதை அன்றுதான் அறிந்தாள்.

மாணவர்களோடு செல்லும்போது

முதலில் நாம் தனியே போய்ப் பார்த்துவிட்டுத்தான் மாணவர்களை அழைத்துச் செல்ல வேண்டும். தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதலும் கட்டாயம். நெடுஞ்சாலை இல்லாத வழி, பத்துப் பதினைந்து பேருக்கு மிகாத குழு, முன்னும் பின்னும் ஓர் ஆசிரியர், தண்ணீர், பஞ்சர் ஒட்டும் பை ஆகியவை வேண்டும். மலைப்பாறையில் மழைக்காலத்தில் ஏற்ற வேண்டாம், கண்மாயில் இறங்கவும் விட வேண்டாம்.

கல்வெட்டின் மேல் சுண்ணாம்போ மாவோ எண்ணெயோ பூசக்கூடாது. சாய்வான ஒளியில் படம் எடுத்தால் போதும். புதிதாக எழுத்துள்ள கல்லோ தாழியோ கண்ணில் பட்டால் நகர்த்தாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலருக்கும் அருங்காட்சியகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆசிரியர் சைக்கிளில் பார்த்து வந்ததை வைத்து ஊர்ப் பெயர்க் காரணம், ஊருணி, பழைய மரம், சாவடிக் கல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், இரண்டு வரி. நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு அது போதும்.

ஏன் இப்போதே?

"வரலாறெல்லாம் மதுரையிலயும் தஞ்சாவூர்லயும்தானே டீச்சர் இருக்கு" என்று நினைக்கும் பிள்ளைக்குத் தன் ஊர்க் கல்லும் வாய்க்காலும் வெறும் இடைஞ்சலாகத்தான் தெரியும். வளர்ந்து பஞ்சாயத்திலோ அலுவலகத்திலோ முடிவெடுக்கும் இடத்துக்கு வரும்போதும் அப்படியே தெரியும். நாங்கள் முதலாண்டு படம் எடுத்த ஒரு குமிழிக் கால், அடுத்த ஆண்டு கரை வேலைக்குப் பின் அங்கே இல்லை. இப்போது எங்கள் பள்ளியின் ஊர்ப் பதிவேட்டில் உள்ள படம் மட்டுமே இருக்கிறது. அறிவொளியில் சைக்கிள் பழகிய பெண்களில் பலர் அறுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்களிடம் கேட்க வேண்டியதைப் பத்து ஆண்டு கழித்துக் கேட்க முடியாது.

அந்தப் பதிவேடு நாற்பது ரூபாய் நீள நோட்டுதான். தேதி, இடம், படம், சொன்னவர், எழுதிய மாணவர் பெயர். இதுவரை 43 பக்கம் நிறைந்திருக்கிறது. நான் மாறுதலில் போனாலும் அது பள்ளியிலேயே இருக்கும். உங்கள் பள்ளியிலும் இந்த மாதம் ஒரு நோட்டு போடுங்கள். முதல் பக்கத்துக்குப் பள்ளியிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடத்துக்குள் உள்ள ஓர் இடம் போதும்.