மேகமலை நடைபாதைகள்: நீர்க்கரையும் அட்டையும்

தேனி மாவட்டம் சின்னமனூருக்கு மேலே நீர்த்தேக்கத்தை ஒட்டியுள்ள ஹைவேவிஸ் சிற்றூரைச் சூழ்ந்த காடுகள், 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவையாதலால், தேயிலைத் தோட்டச் சாலையைத் தாண்டி நடக்க விரும்புவோர் வனத்துறையின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். நீர்மட்டம் இறங்கும்போது வெளிப்படும் வண்டல் கரை, மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் சேறாகவே இருக்கக்கூடும் என்பதால், அதைக் குறுக்குவழியாகக் கொள்ளலாகாது. யானைகள் நீருக்கு வரும் அந்திக்கு முன்பே ஊர் திரும்ப வேண்டும். ஆனால் பயணிகள் மிகுதியாக அஞ்சுவதோ அட்டைக்கு! மழைக்காலத்தில் தவிர்க்க இயலாத அட்டைக்கடி பெரும்பாலும் தீங்கற்றது. அட்டையைப் பிடுங்காமல், தோலில் பற்றியுள்ள மெலிந்த வாய்முனையை நகத்தால் பக்கவாட்டில் தள்ளி விடுவித்தபின், அதன் உமிழ்நீரிலுள்ள உறைவுத்தடுப்புப் பொருளால், அதாவது குருதியைக் கட்டவிடாத பொருளால், கசிவு சிறிது நேரம் நீடிக்குமாதலால், காயத்தைக் கழுவித் துணியால் அழுத்திக் கட்டினால் போதும்.