கை ஒன்றுதான், அம்மிணி

அன்புள்ள அம்மிணி,

பகலெல்லாம் பிளெக்ஸ் கடையில் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், ராத்திரியில் ஓவியம். "டிசைன் வேலை என் கலையைக் கெடுத்துவிடுமா?" என்று கேட்டிருந்தாய். கெடுக்காது. ஏனோதானோவென்று செய்தால்தான் கெடுக்கும்.

ஓவியர் ஆதிமூலத்தைப் பார். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு, நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர். கைத்தறிக்கு டிசைன் போட்ட அந்தக் கைதான் காந்தியைக் கோடுகளாலேயே வரைந்தது. ஜூனியர் விகடனில் எழுத்தாளர் கி.ரா.வின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்குப் படம் போட்டது. சிற்றிதழ்த் தலைப்புகளிலும் நூல் அட்டைகளிலும் தமிழ் எழுத்துக்குப் புது உடம்பு கொடுத்தது. பின்னாளில் உருவமே இல்லாத வண்ண ஓவியங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. அவருக்கு மூத்தவரான ரெட்டப்ப நாயுடுவும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்த ஓவியர்தான்.

வித்தியாசமே இல்லை என்று சொல்லமாட்டேன். டிசைனில் கேள்வி வாடிக்கையாளருடையது: உங்கள் அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர் என்றைக்கு என்பது பஸ்ஸில் போகிறவர் கண்ணிலும் பட்டாக வேண்டும். ஓவியத்தில் கேள்வியே உன்னுடையது. பதில் கிடைக்காமலும் போகலாம். ஓவியத்துக்கு டிசைனின் அவசரம் ஆகாது. டிசைனுக்கு ஓவியத்தின் புதிர் ஆகாது.

ஒரு நாள் பக்கத்துப் பவானிக்குப் போய் ஜமக்காளத் தறி முன்னால் உட்கார். முரட்டுப் பருத்தி நூல். ஊடை நூல் பாவு நூலை மூடிவிடுவதால் குறுக்கே ஓடும் வண்ணப் பட்டைகள்தான் முதலில் கண்ணில் படும். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வருமா, எத்தனை விரல் அகலம், எங்கே மெல்லிய கறுப்பு. நெசவாளி கையில் இருப்பது அவ்வளவுதான். அதற்குள்ளேயே அத்தனை அழகையும் கொண்டுவருகிறார். வண்ணம் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகிறது என்பதை அங்கே கற்றுக்கொள்வாய். பேனருக்கும் உதவும், கான்வாஸுக்கும் உதவும்.

மௌஸைத் தொடுவதற்கு முன் பென்சிலை எடு. தலைப்பெழுத்தைக் கையால் எழுதிப் பார். 'ழ'வின் சுழிப்பும் 'ஞ'வின் வளைவும் விரலுக்குப் பழகட்டும். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு வரும் குதிரைகளை நேரில் பார்த்து வரை. இணையத்திலிருந்து இறக்கிய குதிரையை ஒட்டாதே. செய்த டிசைனுக்கு உரிய கூலியைக் கூச்சமில்லாமல் கேள். ராத்திரி வரைவதை யார் வாங்குவார்கள் என்று மட்டும் யோசிக்காதே.

இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கை விட்டுவிடு. நாளைக்குக் கடைக்கு வரும் முதல் பத்திரிகையை உன் பெயர் போட்டுக் கொடுக்கிற மாதிரி செய்.

அன்புடன்,
உன் மூத்த சகபயணி