உங்கள் காட்டுக்கு எந்த ஆடு?

“ஆட்டுப்பண்ணை வைக்கப் போகிறேன், எந்த இனம் வாங்கலாம்?” என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பங்குனி, சித்திரையில் உங்கள் நிலத்தில் என்ன பச்சை இருக்கும்? இதற்குப் பதில் தெரியாதவர் எந்த இனத்தை வாங்கிக் கட்டினாலும் முதல் கோடையிலேயே பாதி ஆட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிவரும். ஐப்பசி, கார்த்திகையில் எல்லா ஆடும் நல்ல ஆடாகத்தான் தெரியும். தீவனம் வறண்டுபோகும் மாதங்களை உடம்பு கரையாமல் தாண்டப்போவது எது, அந்த நாட்களில் கூடவே நின்று பார்த்துக்கொள்ளப்போவது யார்? இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால் இனத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இனத்துக்கு முன்னால் வெள்ளாடா செம்மறியா என்று தீர்க்க வேண்டும். வெள்ளாடு தலையை நிமிர்த்தித் தின்னும். செம்மறி தலையைக் குனிந்து தின்னும். வேலி ஓரம், முள்மரம், ஓடைக்கரைப் புதர் என்று குழை கிடைக்கும் இடம் வெள்ளாட்டுக்கு. புல்தரையும் அறுவடை முடிந்த வயலும் செம்மறிக்கு. இளம் தென்னையோ மாங்கன்றோ வைத்திருப்பவர் வெள்ளாட்டைப் பக்கத்தில் சேர்க்கக் கூடாது. குருத்தையும் கடிக்கும், பட்டையையும் உரிக்கும். வளர்ந்த தோப்பில் களையெடுக்கச் செம்மறி அருமையான ஆள். ஆனால் தாமிரம் கலந்த போர்டோ கலவை தெளித்த திராட்சைத் தோட்டத்திலும் தோப்பிலும் செம்மறியை மேய விட வேண்டாம். அதன் ஈரல் தாமிரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். நன்றாக இருந்த ஆடு திடீரென்று மஞ்சள் பூத்துச் சாகும்.

அடுத்தது எடை மயக்கம். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், பணம் போவது பெரும்பாலும் இங்கேதான். படத்தில் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும் பெரிய கிடாவைப் பார்த்துவிட்டு, இதுதான் இலாபம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கறிப்பண்ணையில் வருமானம் தருவது தாயாடு. அது வருடத்துக்கு எத்தனை குட்டியை உயிரோடு விற்பனைக்குக் கொண்டுவருகிறது என்பதே கணக்கு. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். நன்றாகப் பராமரித்தால் இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று எடுக்கலாம். முப்பது கிலோ தாயாடு ஒன்று ஈற்றுக்கு இரண்டு குட்டி வீதம் ஆறு போட்டு, அதில் ஐந்து தேறி, ஒவ்வொன்றும் பன்னிரண்டு கிலோவில் விற்றால் அறுபது கிலோ உயிர் எடை. நாற்பத்தைந்து கிலோ தாயாடு அதே காலத்தில் ஒற்றைக் குட்டியாக இரண்டு ஈற்று ஈன்று, குட்டி இருபது கிலோ வந்தாலும் நாற்பது கிலோதான். பெரிய ஆடு உடம்புக்குத் தக்கபடி ஒன்றரை மடங்கு தின்றும் இருக்கும். எண்கள் பண்ணைக்குப் பண்ணை மாறும். ஆனால் வாங்கும் முன் ஒரு தாளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கரிசலும் செம்மண்ணும்

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரிக்காரர்களுக்குக் கன்னி ஆட்டை விட்டு வேறு எதையும் நான் சொல்வதில்லை. உடம்பு கறுப்பு. முகத்தின் இரண்டு பக்கமும் கோடு. வெள்ளைக் கோடு என்றால் பால்கன்னி, சிவப்பு என்றால் செங்கன்னி. வயிற்றடியிலும் காலின் உட்பக்கத்திலும் அதே நிறம் இருக்கும். இரட்டைக் குட்டி இதற்கு வழக்கம். பருத்திமார் கிடந்த காட்டிலும் சீமைக் கருவேல நெற்றிலும் வயிற்றை நிரப்பிக்கொண்டு வீடு திரும்பும். கோடைக்கு நெற்றுப் பொறுக்கிச் சாக்கில் கட்டி வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் இந்த ஆடு வாடி நான் பார்த்ததில்லை.

தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கம் கொடி ஆடு இருக்கிறது. வெள்ளையில் கறுப்புத் தெறித்தது கரும்போரை, செம்பழுப்புத் தெறித்தது செம்போரை. நெடுங்கால், நீள்கழுத்து. செம்மறிக் கிடையில் இதில் சிலவற்றைச் சேர்த்து ஓட்டுவார்கள், அது முன்னால் நடக்க மந்தை பின்னால் போகும். நாளெல்லாம் நடக்கிற ஆடு இது. இதைக் கொண்டுபோய்க் கொட்டிலில் அடைப்பது அதற்கும் துன்பம், உங்களுக்கும் நட்டம். ஆள் போட்டு மேய்ப்பவருக்கு மட்டுமே உரியது.

இந்த வட்டாரத்தில் செம்மறி வேண்டுபவர்களுக்கு வேம்பூர், கீழக்கரிசல், இராமநாதபுரம் வெள்ளை, செவ்வாடு என்று நான்கு உண்டு. கறிக்கு என்று பார்த்தால் இவற்றுக்குள் தேர்வு செய்ய மெனக்கெட வேண்டாம். பக்கத்துக் கிடையில் எது இருக்கிறதோ அதை எடுங்கள். கிடை போட்டு நிலத்துக்காரரிடம் எருக்காசு வாங்குகிறவருக்கு இனத்தை விட மந்தையின் எண்ணிக்கையும் நடக்கும் திறனும் முக்கியம். கிடை மேய்ப்பர்களான கீதாரிகள் தை அறுவடைக்குப் பிறகு தஞ்சைப் பக்கம் மந்தையை ஓட்டிப்போகும் முறை நிற்பதே இந்த இரண்டின் மேல்தான்.

மேச்சேரியும் கொரங்காடும்

சேலம், தருமபுரி, ஈரோடு, கரூர் பக்கம் வந்தால் செம்மறியில் மேச்சேரிதான். மேட்டூர், ஓமலூர், நங்கவள்ளி வட்டாரத்தில் பிறந்த இனம். இளம்பழுப்பு நிறம், கிடாவுக்கும் கொம்பு கிடையாது. உடம்பை ஒட்டிய குட்டை முடி, ஆகையால் கம்பளி கத்தரிக்கும் செலவும் இல்லை, வெயிலும் தாங்கும். தோலுக்குப் பேர்போனது. வளர்ந்த கிடா முப்பத்தைந்து கிலோ அளவில் நிற்கும். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மேச்சேரி செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முதல் மந்தை வாங்குமுன் ஒருமுறை போய், அசல் மேச்சேரி எப்படி இருக்கும் என்று கண்ணில் பதித்துக்கொண்டு வாருங்கள்.

இந்த ஆட்டையும் கொரங்காட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். நாலு பக்கமும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காலையில் படலைத் திறந்து விட்டால் ஆடு தானே மேயும், மாலையில் தண்ணீர் காட்டி அடைத்தால் போதும். மேய்க்க ஆள் தேவையில்லை. புல் காய்ந்த பிறகு வெள்வேலங்காய் உதிரும், அது கோடையைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் இருப்பதே வயதான இரண்டு பேர், பிள்ளைகள் திருப்பூரில் வேலைக்குப் போகிறார்கள் என்றால் இதைவிட ஏற்ற முறை எனக்குத் தெரியவில்லை. இதன் குறை, மேச்சேரி பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் போடும். அதற்காக, சுந்தரவனத்துக் கரோல் ஆட்டின் இரட்டைக்குட்டி மரபணுவைச் சேர்த்து மகாராஷ்டிரத்தின் பல்தானில் உருவாக்கிய நாரி சுவர்ணா இனத்தைச் சிலர் விசாரிக்கிறார்கள். இரண்டு குட்டிக்குப் பால் சுரக்க அடர்தீவனம் போட முடிகிறவர் மட்டும் அதை நினைக்கலாம். கொரங்காட்டுப் புல்லை மட்டும் நம்பியிருப்பவருக்கு ஒற்றைக் குட்டியே மேல்.

இதே வட்டாரத்துக் கரட்டு நிலத்துக்கு வெள்ளாடு என்றால் சேலம் கருப்பு. உடம்பு முழுக்கக் கறுப்பு, ஒல்லியான நெட்டை உடல். முனியப்பனுக்கும் கருப்பசாமிக்கும் மறு இல்லாத கருங்கிடா நேர்ந்துகொண்டவர்கள் எடைக்கு மேல் விலை கொடுத்து வாங்குவார்கள். ஆடி மாதத்துக்குத் தயாராகும்படி கிடாக்களை வைத்திருப்பவருக்கு இது தனி வருமானம்.

செங்கல்பட்டு, திருவள்ளூர், வேலூர், விழுப்புரம் ஏரிப்பாசனப் பகுதிக்குச் சென்னைச் சிவப்பு செம்மறி பழகிய இனம். திருச்சி கருப்பும் கோயம்புத்தூர் ஆடும் முரட்டுக் கம்பளி ஆடுகள். அந்த மயிருக்கு விலை இல்லாத காலத்தில் புதிதாகத் தொடங்குபவர் அவற்றைத் தேடிப்போக வேண்டாம். காவிரிப் படுகையில் வருடம் முழுக்க ஈரம் கிடக்கும் நிலத்தில் பெரிய மந்தையே கூடாது. நத்தை வழியாக வரும் ஈரல்புழுவும் குளம்பழுகலும் ஆட்டை நிற்க விடாது. வீட்டுக்குப் பின்னால் ஐந்தாறு பள்ளையாடு கட்டி, வரப்பு உலர்ந்த பிறகு அவிழ்த்துவிடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கொட்டிலுக்கு வருபவர்கள்

கிணற்றுத் தண்ணீர் இருக்கிறது, மேய்ச்சல் நிலம் இல்லை, பரண் போட்டு அடைத்து வளர்க்கப் போகிறேன் என்பவருக்குத் தலச்சேரி ஆடு. வடகேரளத்துக் கண்ணூர், கோழிக்கோடு, மலப்புறம் பகுதி ஆடு இது. மலபாரி என்பதும் இதுவே. வெள்ளை, கறுப்பு, கலப்பு என நிறம் பலவாறு வரும், ஆகையால் நிறத்தைப் பார்த்து விலையைக் கூட்டிக் கேட்டால் ஏமாற வேண்டாம். இரட்டை சர்வசாதாரணம், மூன்றும் வரும். மூன்றாவது குட்டிக்குத் தாய்ப்பால் போதாது. புட்டிப்பால் கொடுக்க வீட்டில் ஆள் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் குட்டி கணக்கில் மட்டுமே இருக்கும்.

கொட்டிலில் ஆட்டை விடத் தீவனத்துக்குத்தான் முதல் செலவு. ஆடு வருவதற்கு மூன்று மாதம் முன்பே பசுந்தீவனம் நட்டாக வேண்டும். கம்பு நேப்பியரை மட்டும் வெட்டிப் போட்டு வெள்ளாடு வளர்க்க முடியாது. வேலிமசால், அகத்தி, சூபாபுல், கிளைரிசிடியா என்று மூன்றில் ஒரு பங்காவது குழையாக இருக்க வேண்டும். தரையில் கொட்டினால் மிதித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கட்டாகக் கட்டித் தொங்கவிட்டால் காம்பு வரை தின்னும். வளர்ந்த ஆடு ஒன்றுக்குப் பதினைந்து சதுர அடி இடம் கொடுங்கள்.

ஜமுனாபாரி உத்தரப்பிரதேசத்து எட்டாவாப் பக்கம் யமுனை, சம்பல் ஆற்றுப் பள்ளங்களில் புதர் தின்று வளர்ந்த பெரிய ஆடு. நம் ஊர் ஆட்டோடு கலக்கக் கிடா ஒன்று வைத்துக்கொள்ளலாம். தாய்மந்தையாக வைக்கத் தீவனமும் பொறுமையும் நிறைய வேண்டும்.

தென்னாப்பிரிக்கப் போயர் கிடா நூறு கிலோவைத் தாண்டும், வளர்ச்சியும் வேகம். அதன் கலப்புக்குட்டி கறிக்கு நல்லது, மறுக்கவில்லை. தலச்சேரிப் பெட்டையோடு சேர்த்து, நல்ல அடர்தீவனம் கொடுத்து, குட்டியைக் கறிக்கு விற்பவருக்குச் சரி. சிறிய உடம்புள்ள முதல் ஈற்றுப் பெட்டையோடு சேர்த்தால் குட்டி பெரிதாகி ஈனும்போது சிக்கும். எனக்கு உள்ள பயம் வேறு. “குட்டியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்” என்று சொல்லித் தாயாட்டை மும்மடங்கு விலைக்கு விற்பவர்கள் இந்த இனத்தைச் சுற்றித்தான் அதிகம். இதே போன்ற வாக்குறுதியை நம்பித் தொடங்கிய ஈமுப் பண்ணைகள் 2012-ல் சரிந்தபோது கொங்குப் பகுதியில் எத்தனை குடும்பம் நகையையும் நிலத்தையும் இழந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. கறிக்கடைக்காரர் கிலோவுக்குத் தரும் விலையில் கட்டுபடியாகாத எந்த ஆடும் கறி ஆடு ஆகாது.

சந்தையில்

எட்டயபுரம் சனிக்கிழமை, மேலப்பாளையம் செவ்வாய்க்கிழமை, அய்யலூர் வியாழக்கிழமை, செஞ்சி வெள்ளிக்கிழமை. பெரிய சந்தைகள், விலையை அறிய மூன்று வாரம் சும்மா போய் நின்று பாருங்கள். தாயாடுகளை அங்கே வாங்காமல், சந்தைக்கு வருபவரின் ஊருக்கே போய் மந்தையில் பார்த்து வாங்குவது நல்லது. சந்தைக்கு வரும் பெட்டையில் ஏதோ ஒரு காரணத்துக்காகக் கழித்தது நிறைய இருக்கும். தண்ணீர் புகட்டி வயிற்றை உப்ப வைத்ததும் இருக்கும்.

வாயைத் திறந்து பாருங்கள். கீழ்த்தாடை முன்பல் எட்டும் பால்பல் என்றால் வருடம் நிரம்பவில்லை. நடுவில் இரண்டு பெரிய பல் விழுந்து முளைத்திருந்தால் ஒரு வயது தாண்டியது. தாய்மந்தைக்கு இரண்டு பல், நாலு பல், ஒரு ஈற்றுக் கண்ட ஆடுதான் சரியான வயது. எட்டுப் பல்லும் விழுந்து முளைத்துக் கடை சேர்ந்ததை விலை குறைவு என்று எடுக்காதீர்கள். பிறகு கட்டைவிரலால் கீழ் இமையை இழுங்கள். உள்ளே செம்பருத்திச் சிவப்பாக இருந்தால் சரி; வெளுத்திருந்தால் குடற்புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. தாடைக்கு அடியில் வீக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மடியின் இரண்டு காம்பையும் பீய்ச்சிப் பாருங்கள், கல்மடியாக இருந்தால் குட்டி பட்டினி. கிடாவுக்கு விதை இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இரட்டையில் பிறந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. இருபது, இருபத்தைந்து பெட்டைக்கு ஒரு கிடா போதும். அந்தக் கிடாவின் மகள்கள் பருவத்துக்கு வரும் முன் அதை விற்றுவிட்டு வேறு மந்தையிலிருந்து மாற்றிவிட வேண்டும்.

வாங்கி வந்த ஆட்டை ஒரு மாதம் தனியே கட்டுங்கள். ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக 1987-ல் கண்டறியப்பட்டது நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில்தான். மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல் என்று தொடங்கி ஒரு வாரத்தில் மந்தையைக் காலி செய்யும். ஒருமுறை தடுப்பூசி போட்டால் மூன்று வருடம் வரை தாங்கும், கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். துள்ளுமாரிக்கு வருடா வருடம், மழை இறங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். புதுப்புல்லை வயிறு முட்டத் தின்கிற கொழுத்த குட்டிதான் அந்த நோயில் முதலில் சாகும்.