ஆற்றங்கரையின் குரல்

நுழையும்முன்

உலகின் எந்த மூலையில் நிகழ்வதையும் கைப்பேசித் திரை நொடிப்பொழுதில் காட்டிவிடுகிறது. ஆனால், முப்பது கல் தொலைவிலுள்ள அணையில் இன்று எத்தனை அடி நீர் இருக்கிறது என்பதை ஓர் உழவருக்கு அவருடைய பேச்சிலேயே சொல்லுவது யார்? தாமிரபரணிக் கரையில் அப்பணியை ஏற்ற வானொலி நிலையத்தின் வரலாற்றையும், அதன் பின்வந்த உள்ளூர்த் தொலைக்காட்சியின் போக்கையும் இப்பாடம் விளக்குகிறது.

முந்தி வந்த குரல்கள்

தமிழ்நாட்டில் ஒலிபரப்பு, ஆர்வலர் சிலரின் முயற்சியாகவே தொடங்கியது. 1924ஆம் ஆண்டு சென்னை மாகாண வானொலிக் கழகம் தன் சிறிய கருவியைக்கொண்டு இசையையும் உரையையும் காற்றில் ஏற்றியது. பொருள்முடையால் அக்கழகம் நின்றுபோக, 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியைத் தொடர்ந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16 அன்றும் ஒலிக்கத் தொடங்கின. அடுத்த கால் நூற்றாண்டளவும் தமிழ் நிலத்தின் பெரும்பகுதிக்கு இவ்விரண்டுமே போதும் என்று கருதப்பட்டது.

தென்கோடியில் நிலைமை வேறாக இருந்தது. திருச்சியின் அலை நெல்லைச் சீமைக்கு வந்துசேர்கையில் மெலிந்து, இரைச்சலோடு கலந்தே கேட்டது. இலங்கை வானொலியோ மன்னார் வளைகுடாவைக் கடந்து தெளிவாக ஒலித்தது. 1952இல் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், செவ்விசையை வளர்க்கும் நோக்கில் திரைப்பாடல்களுக்கு அகில இந்திய வானொலியில் இடம் குறைத்தார். பாட்டுக் கேட்க விரும்பியவர்கள் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். இசை ரசனையை ஆணையிட்டு வளர்க்க இயலாது என்பதை அரசு உணர ஐந்து ஆண்டுகள் ஆயின. 1957இல் விவித பாரதி என்னும் பொழுதுபோக்கு ஒலிபரப்பு தொடங்கப்பட்டது. அதற்குள் இலங்கை அறிவிப்பாளர்களின் பெயர்கள் திருச்செந்தூர்க் கடற்கரையிலும் அம்பாசமுத்திரத்து வயல்வெளியிலும் வீட்டுப் பெயர்களாகிவிட்டன.

கொழும்பு பாட்டைத் தந்தது. மணிமுத்தாறு எப்பொழுது திறக்கப்படும் என்பதைக் கொழும்பு சொல்ல இயலாது. அது கொழும்பின் வேலையும் அன்று. அவ்விடைவெளியில்தான் 1963ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று திருநெல்வேலி வானொலி நிலையம் பிறந்தது. பாளையங்கோட்டையில் அமைந்த அந்நிலையம், அன்றைய ஒருங்கிணைந்த திருநெல்வேலி மாவட்டம் முழுமைக்குமான குரலாயிற்று. இன்றைய தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களும் அப்போது அதனுள் அடங்கியிருந்தன.

கால் கிலோமீட்டர் நீள அலை

திருநெல்வேலி நிலையம் மத்திய அலையில் 1197 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலிக்கிறது. அதாவது அதன் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 250 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை பகலில் நிலத்தைத் தழுவிக்கொண்டே செல்லும். சிறு குன்றுகளை வளைந்து கடக்கும். இரவிலோ, வளிமண்டலத்தின் மேலடுக்கிலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நெடுந்தொலைவு போய் விழும். பண்பலை இவ்வாறு வளையாது. கோபுரத்தின் பார்வைக்குள் இருக்கும் ஊர்களே அதற்கு எட்டும். மலை குறுக்கிட்டால் அப்பால் நிழல்தான். மேற்கே பொதிகை மலைத்தொடரும் கிழக்கே கடலும் எல்லைகளாக, நடுவில் ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலில் கடல் சேரும் ஓர் ஆற்றின் நிலத்துக்கு மத்திய அலை பொருத்தமான தேர்வாக அமைந்தது.

அன்று வானொலிப் பெட்டி எல்லார் வீட்டிலும் இல்லை. பெட்டி வாங்கினால் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணமும் செலுத்த வேண்டும். ஆகவே ஊராட்சிமன்றக் கட்டடத்தின்மேல் கட்டிய ஒலிபெருக்கியின் கீழ் ஊர் கூடிக் கேட்டது. தனித்துக் கேட்பதற்கும் கூடிக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு. கூடிக் கேட்டவர்கள் கேட்டதைப் பற்றி அங்கேயே வழக்காடினார்கள். 1956இல் யுனெஸ்கோவின் துணையுடன் மகாராட்டிரத்தில் 150 ஊர்களில் நடைபெற்ற வானொலி உழவர் மன்ற ஆய்வு இதையே திட்டமாக்கியது. கேட்பது, பேசி முடிவெடுப்பது, செய்து பார்ப்பது என்னும் மூன்றையும் அது இணைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அம்மன்றங்களில் கருத்துரைத்தனர்.

அணைக் கணக்கு

தாமிரபரணி வேளாண்மை இரு பருவங்களால் ஆனது. தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்ய, ஜூன் மாதத்தை ஒட்டித் தொடங்குவது கார். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் நடவாவது பிசானம். கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் ஆற்றின் நீரைக் கால்வாய்களில் திருப்பி, ஏறத்தாழ 86,000 ஏக்கர் நிலத்தை நனைக்கின்றன. மேலே மலையில் பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. சேர்வலாறு 156 அடி. மணிமுத்தாறு 118 அடி.

வெளியூர்க்காரருக்கு இவை வெறும் எண்கள். கடைமடையில் நிலம் வைத்திருப்பவருக்கோ வைகாசி மாத இறுதியில் பாபநாசம் எத்தனை அடி என்பது, நாற்றுப் பாவலாமா வேண்டாமா என்னும் வினாவின் விடை. நீர் போதாதென்றால் விதைநெல் வீணாகும். காத்திருந்தால் பருவம் தவறும். தலைமடைக்கும் கடைமடைக்கும் இடையே எப்போதும் ஒரு மனத்தாங்கல் உண்டு. மேலே இருப்பவனுக்குத் தெரிந்த செய்தி கீழே இருப்பவனுக்குத் தெரியாமற்போவதே அதற்குப் பாதிக் காரணம். அணையின் நீர்மட்டமும் நீர்வரத்தும் வானொலியில் சொல்லப்பட்டபோது, இரு மடைக்காரர்களும் ஒரே எண்ணை ஒரே நேரத்தில் கேட்டார்கள். இது சிறு செய்தியன்று. நீர் கிடைத்ததோ இல்லையோ, நீரைப் பற்றிய அறிவு சமமாகப் பங்கிடப்பட்டது.

1966இல் அகில இந்திய வானொலி தேர்ந்தெடுத்த நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவுகளைத் தொடங்கியது. வேளாண் பட்டம் பெற்றோர் நிலையத்துக்குள்ளேயே பணியமர்ந்தனர். அக்காலத்தில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்லை, வானொலி வழியே அறிந்ததால் உழவர்கள் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். ஒரு பயிருக்கு ஓர் ஊடகத்தின் பெயரை மக்கள் சூட்டியது அரிய நிகழ்வு. பின்னாளில் பல நிலையங்கள் வானொலிப் பண்ணைப்பள்ளி நடத்தின. பெயர் பதிந்துகொண்ட உழவர்கள் வாரந்தோறும் பாடம் கேட்டு, ஐயங்களை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பினர்.

எந்தத் தமிழில் பேசுவது?

வானொலி எழுத்தைக் கொண்டு இயங்கும் ஊடகம். ஆனால் எழுத்தாகக் கேட்கக் கூடாத ஊடகம். இம்முரண்பாட்டை ஒவ்வோர் அறிவிப்பாளரும் தீர்க்க வேண்டியிருந்தது. செய்தி பொதுத்தமிழில் வாசிக்கப்பட்டது. தொடர் ஒரே மூச்சில் முடிய வேண்டும். எண்ணை இருமுறை சொல்ல வேண்டும். கேட்டவர் முந்தைய பக்கத்தைத் திருப்பிப் பார்க்க இயலாது.

ஊர்ப்புற நிகழ்ச்சியில் இவ்விதிகள் மட்டும் போதவில்லை. வேளாண் அறிஞர் ‘சேற்றுழவு’ என்றார்; நெல்லை உழவர் ‘தொளி அடிப்பது’ என்றார். அறிஞரின் சொல் அகராதியில் இருந்தது. உழவரின் சொல் வயலில் இருந்தது. இருவரையும் ஒரே ஒலிவாங்கியின் முன் அமரவைத்து உரையாடச் செய்ததே ஊர்ப்புற நிகழ்ச்சியின் வெற்றி. ‘அண்ணாச்சி’ என்னும் விளியும், ‘அங்கன’, ‘இங்கன’ என்னும் சுட்டுகளும் அரசு நிறுவனம் ஒன்றின் ஒலிபரப்பில் இடம்பெற்றபோது, தம் பேச்சு நகைப்புக்குரியது அன்று என்பதைக் கேட்டவர்கள் உணர்ந்தனர். அதே காலத்துத் திரைப்படங்கள் வட்டார வழக்கைப் பெரும்பாலும் சிரிப்பு மூட்டவே பயன்படுத்தின என்பதை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வில்லும் ஒலிவாங்கியும்

நெல்லை, குமரி மாவட்டங்களின் தனிக்கலை வில்லுப்பாட்டு. சுடலைமாடன், இசக்கியம்மன் கோவில்களின் கொடை விழாவில் இரவு முழுதும் கதை பாடப்படும். சாமியாடி அருள்கொள்ளும் கணம் வரையில் கதையை ஏற்றிச் செல்வது புலவரின் கடமை. கூட்டத்தின் மனநிலை அறிந்து அவர் நீட்டுவார், குறுக்குவார்.

வானொலி அவருக்கு அரை மணி நேரம் கொடுத்தது. எதிரே மக்கள் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் ஒரு பொறியாளர் கையை உயர்த்துவார். குடத்தின் ஓசை வில்லின் சலங்கையொலியை விழுங்காதபடி ஒவ்வொரு கருவிக்கும் தொலைவு அளந்து இடம் குறிக்கப்பட்டது. இரவுக் கதை அரை மணியில் அடங்குகையில் வழிபாடு கழன்று, கலை மட்டும் எஞ்சியது. இதனை இழப்பென்று கூறுவோர் உண்டு. ஆயினும் மற்றொரு பக்கத்தையும் காண வேண்டும். குரல் தேர்வு நடத்தித் தரம் பிரித்து, பெயர் சொல்லி அறிவித்து, ஒப்பந்தமும் ஊதியமும் வழங்கிய முதல் நிறுவனம், நாட்டுப்புறக் கலைஞர் பலருக்கு வானொலியே. கொடை நடக்காத ஊர்களும் அக்கதைகளைக் கேட்டன.

வருத்தத்திற்குரியது வேறொன்று. ஒலிநாடா விலை மிக்க பொருளாக இருந்தமையால், ஒலிபரப்பு முடிந்ததும் பதிவை அழித்து அதே நாடாவில் மீண்டும் பதிவது வானொலி நிலையங்களின் வழக்கமாயிருந்தது. எத்தனையோ குரல்கள் ஒருமுறை ஒலித்ததோடு மறைந்தன.

கோபுரத்திலிருந்து கம்பிவடம் வரை

சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் படம் நெல்லைக்கு எட்டவில்லை. 1982இல் இலங்கையின் ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, தென் தமிழகக் கடலோர ஊர்களில் உயர்ந்த கம்பங்களில் அலைவாங்கிகள் முளைத்தன. வானொலியில் நிகழ்ந்ததே மீண்டும் நிகழ்ந்தது: அண்டை நாட்டுக் கோபுரம் சொந்த மாநிலக் கோபுரத்தைவிட அருகில் இருந்தது. பின்னர் அஞ்சல் கோபுரங்கள் வந்தன. ஆனால் அவை சென்னையையும் தில்லியையும் காட்டின, நெல்லையைக் காட்டவில்லை.

இதற்கிடையே ஒலிபரப்பில் ஒரு புதுத்தடம் அண்டையிலேயே வெட்டப்பட்டது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் தொடங்கியது. மாநிலம் முழுமைக்கும் பேசாமல் ஒரு மாவட்டத்துக்கு மட்டும் பேசுவதே அதன் நோக்கம்.

தொலைக்காட்சியில் அந்நோக்கத்தைக் கையிலெடுத்தது அரசன்று. தெருவில் கம்பிவடம் இழுத்தவர்கள். 1990களில் கேபிள் இணைப்புத் தந்தவர்கள், வெளி அலைவரிசைகளோடு தமக்கென ஓர் அலைவரிசையையும் சேர்த்துக்கொண்டனர். ஓர் அறை, ஒரு நிகழ்படக் கருவி, இரண்டு ஒளிப்படக்கருவிகள் ஆகியவையே அந்நிலையம். 1995இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டம் இத்தொழிலை ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நான்கு இரத வீதிகளில் அசைந்துவருவதை நடக்க முடியாத முதியவர் தம் வீட்டிலிருந்தே பார்த்தார். பள்ளி விளையாட்டு விழா, குடிநீர் வராத தெரு, இரங்கல் அறிவிப்பு, நகைக்கடை விளம்பரம் யாவும் ஒரே மாலையில் வந்தன. பெரிய அலைவரிசைகளின் கண்ணுக்கு இவை செய்தியே அல்ல. எனினும், விளம்பரத்தால் மட்டுமே பிழைக்கும் நிலையம், விளம்பரம் தருபவரைப் பற்றிய குறையைச் சொல்லத் தயங்கும். வயலையும் ஆற்றையும் பற்றிய நிகழ்ச்சிக்கு விளம்பரம் தருவோர் குறைவு. கேபிள் அலைவரிசை நகரத்தின் கண்ணாயிற்று; ஆற்றுக்குக் காதாக வானொலியே நீடித்தது.

வெள்ள இரவு

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணிக் கீழ்ப்பகுதியில் வரலாறு காணாத மழை பொழிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட தொடர்வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளுடன் திருவைகுண்டம் நிலையத்தில் நின்றுபோனது. ஊர்கள் தீவுகளாயின. மின்சாரம் நின்றது; அதனோடு கேபிள் தொலைக்காட்சியும் நின்றது. கைப்பேசிக் கோபுரங்களின் மின்கலங்கள் சில மணி நேரமே தாங்கும், அவையும் அடங்கின.

இத்தகைய இரவில் ஒலிபரப்புக் கோபுரம் ஒன்று மின்னாக்கியின் துணையால் இயங்கினால் போதும். கேட்பவரிடம் இரண்டு மின்கலங்கள் இருந்தால் போதும். இடையில் கம்பியில்லை, சிறு கோபுரங்களின் சங்கிலியில்லை. ஆயிரம் பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் அலைக்குச் சுமை கூடாது. இவ்வெளிமையே வானொலியின் வலிமை. ஆனால் அவ்வலிமை கேட்பவர் கையில் ஒரு பெட்டி இருந்தால் மட்டுமே பயன்படும். ஒரு காலத்தில் மாடத்தில் இருந்த டிரான்சிஸ்டர் பெரும்பாலான வீடுகளிலிருந்து போய்விட்டது. அதன் இடத்துக்கு வந்த கைப்பேசியில் மத்திய அலையைக் கேட்க வழியில்லை; அதற்குரிய காந்தத்தண்டுச் சுருள் அதற்குள் வைக்கப்படுவதில்லை. பண்பலை வாங்கி இருக்கும் கருவிகளிலும், செவிக்கம்பியைச் செருகினால்தான் அதுவே அலைவாங்கியாகிப் பாடும். கைப்பேசிகளில் பண்பலை வசதியை முடக்கக் கூடாது என்று மத்திய மின்னணுத் துறை 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் உற்பத்தியாளர்களுக்கு அறிவுறுத்தியது. அதற்கு அது காட்டிய காரணங்களுள் ஒன்று, பேரிடர்க் காலச் செய்தி.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், வானொலியில் கேட்டு இன்றளவும் நினைவில் வைத்திருக்கும் நிகழ்ச்சி பற்றி வினவி, அவர் கூறுவதை அவருடைய வட்டார வழக்கிலேயே எழுதுக. பின்னர் அதனை வானொலிச் செய்திக்குரிய பொதுத்தமிழில் மாற்றி எழுதி, எவ்வெச்சொற்கள் மாறின என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.