‘மாசு’ என்னும் கலைச்சொல்லும் அருமண் கண்ணாடியின் ஒளிர்வும்

குறைகடத்தியில் வேற்றணு சேர்ப்பதைத் தமிழ்நாட்டு மேல்நிலை இயற்பியல் பாடநூல்கள் ‘மாசூட்டல்’ என வழங்குகின்றன. அச்சொல்லை அருமண் தனிமங்கள் சேர்ந்த கண்ணாடிக்கும் நீட்டினால் பொருள் மயங்கும். 1961இல் எலியாஸ் ஸ்னிட்சர் உருவாக்கிய கண்ணாடி லேசரில் 1.06 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு ஒளியை உமிழ்வது நியோடிமியம் அயனியே; கண்ணாடி அதனைத் தாங்கும் ஊடகம். உருக்கும்போது ஈரத்தால் கண்ணாடியில் தங்கிவிடும் ஹைட்ராக்சில் தொகுதியோ, கிளர்வுற்ற அயனியின் ஆற்றலைத் தன் அதிர்வாக ஈர்த்து அவ்வொளியைத் தணிக்கிறது. அழுக்கு, குற்றம் என்னும் தொல்பொருளில் மாசு எனத்தக்கது இதுவே. ஒளி தருவதும் ஒளி கெடுப்பதும் ஒரே பெயர் பெறின், ‘மாசு குறைந்த கண்ணாடி’ என்பது நிறையா குறையா? வேண்டிச் சேர்ப்பதை ‘ஊட்டுபொருள்’ எனப் பிரித்து வழங்கலாம். ‘மாசூட்டல்’ குறைகடத்தியியலில் வேரூன்றிவிட்டது. ஆங்கு அது தொடரட்டும். கண்ணாடியியலுள் அதனைப் புகுத்தத் தேவையில்லை.