22-க்கு மேலே போகக் கூடாத எஃகு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

வளைகுடா வேலை விளம்பரத்தில் பார்த்த 'சவர் சர்வீஸ்' என்றால் என்ன, இருப்பதிலேயே உறுதியான எஃகாகப் பார்த்துப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்டிருந்தாய். சுமார் ஐந்தாயிரம் கோடி டாலர் கொட்டிய ஓர் எண்ணெய் வயலின் கதையைக் கேள், பதில் அதிலேயே இருக்கிறது.

காஸ்பியன் கடலில், கஜகஸ்தான் பக்கம் இருக்கிறது கஷகான். 2000-இல் கண்டுபிடித்தார்கள். அங்கே கடல் மூன்று, நான்கு மீட்டர் ஆழம்தான். குளிர்காலத்தில் உறைந்தும் போகும். செயற்கைத் தீவுகள் கட்டித்தான் துளை போட வேண்டியிருந்தது. ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்து, ஒருவழியாக 2013 செப்டம்பர் 11 அன்று உற்பத்தி தொடங்கியது. 24-ஆம் தேதி காஸ் குழாயில் கசிவு. சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள். அக்டோபர் 9 அன்று மறுபடி கசிவு. அதோடு நின்றதுதான், அடுத்து எண்ணெய் வந்தது 2016-இல்.

இத்தனைக்கும் குழாய் பழசு இல்லை, துருவால் தேயவும் இல்லை. வெடித்திருந்தது. சோதித்துப் பார்த்தபோது பக்கத்திலேயே ஓடிய எண்ணெய்க் குழாயிலும் அதே நோய். இரண்டையும் சேர்த்துச் சுமார் 200 கிலோமீட்டர் குழாயை அப்படியே மாற்ற வேண்டியதாயிற்று.

கஷகான் வாயுவில் 15 சதவீதத்துக்கும் மேல் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதே வாயு. (நாற்றம் நின்றுவிட்டது என்று யாரும் நிம்மதி அடையக் கூடாது, அளவு கூடினால் இந்த வாயு முதலில் மூக்கைத்தான் மரத்துப்போக வைக்கும்.) இது கலந்த எண்ணெய், காஸ் எல்லாமே தொழிலில் 'சவர்'. ஆனால் வாயு மட்டும் வந்தால் போதாது, கூடவே தண்ணீரும் வேண்டும். தண்ணீரில் கரைந்தால் அது லேசான அமிலமாகி இரும்பை அரிக்கிறது. அரிக்கும்போது எஃகின் மேற்பரப்பில் தனித்தனி ஹைட்ரஜன் அணுக்கள் பிறக்கின்றன. சாதாரண அமிலமாக இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை இரண்டிரண்டாகச் சேர்ந்து குமிழியாக வெளியேறிவிடும். சல்ஃபைடு இருக்கும் இடத்தில் அந்தச் சேர்க்கை தடைபடுகிறது. போக்கிடம் இல்லாத அணுக்கள் எஃகுக்கு உள்ளேயே நுழைகின்றன. உலகத்திலேயே மிகச் சிறிய அணுக்களில் ஒன்று அது. இரும்பு அணுக்களின் இடுக்கு அதற்குத் தாராளம்.

இது நேற்று தெரிந்த விஷயமும் அல்ல. அமிலத்தில் ஊறிய இரும்புக் கம்பி சட்டென ஒடிகிறது, ஒடிந்த முனையை ஈரமாக்கினால் நுரைக்கிறது, கொஞ்ச நாள் சும்மா விட்டால் பழைய வலு திரும்புகிறது என்று 1875-லேயே வில்லியம் ஜான்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் எழுதி வைத்தார்.

உள்ளே போன ஹைட்ரஜன் இரண்டு விதமாகக் கெடுதல் செய்யும். எஃகு மென்மையாக இருந்தால், தகடு உருட்டும்போது தட்டையாக நசுங்கிக் கிடக்கும் மாங்கனீஸ் சல்ஃபைடு துணுக்குகளின் ஓரத்தில் போய்த் தங்கும். அங்கே அணுக்கள் ஜோடி சேர்ந்து வாயுவாகிவிட்டால் வந்த வழியே திரும்ப முடியாது. அழுத்தம் ஏறி, தகடு பூரி மாதிரி உப்பும்; உள்ளுக்குள் படிப்படியாக விரிசல் ஓடும். 1972-இல் அபுதாபியின் உம் ஷைஃப் வயலில் ஒரு கடலடிக் குழாய் இப்படித்தான் போனது. அதன் பிறகுதான் உருக்காலைகள் கந்தகத்தை ஒரு சதவீதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கவும், கால்சியம் சேர்த்து அந்தத் துணுக்குகளை உருண்டையாக்கவும் மும்முரமாக இறங்கின.

எஃகு உறுதி கூடிக் கடினமாக இருந்தால் உப்பவெல்லாம் செய்யாது. இழுவிசை இருக்கும் இடத்தில் நேராக வெடிக்கும், முன்னறிவிப்பே இல்லாமல். 1950-களில் மேற்குக் கனடாவின் சவர் காஸ் கிணறுகளில் பட்ட அனுபவம் இதைச் சொல்லிக் கொடுத்தது. 1975-இல் அமெரிக்க அரிப்புப் பொறியாளர் சங்கமான 'நேஸ்' ஒரு விதி வெளியிட்டது: சாதாரண கார்பன் எஃகுக்கு ராக்வெல் சி அளவில் கடினம் 22-ஐத் தாண்டக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. மற்ற இடங்களில் எஃகுக்குப் பெரும்பாலும் 'இதற்குக் குறையக் கூடாது' என்பார்கள். இங்கே 'இதற்கு மேலே போகாதே' என்கிறார்கள். இன்னொரு விசித்திரம், இந்த வெடிப்பு சூட்டில் குறையும். கிட்டத்தட்ட அறை வெப்பத்தில்தான் மிக மோசம். கொதிக்கக் கொதிக்க ஓடும் கிணற்றைவிட, மூடி ஆறவிட்ட கிணற்றில்தான் ஆபத்து அதிகம்.

அப்படியானால் மென்மையான குழாய் வாங்கிப் போட்டால் முடிந்ததா? அதுவும் இல்லை. குழாயை வெல்டிங் செய்துதானே இணைக்க வேண்டும்! உருகிய இடத்தை ஒட்டிய எஃகு மளமளவென்று ஆறும்போது அந்தச் சில மில்லிமீட்டர் மட்டும் இறுகிப் போகும். கஷகானிலும் வெல்டிங் பகுதிகளிலும் குழாய்ப் பரப்பிலும் அங்கங்கே இருந்த கடினத் திட்டுகள்தான் காரணம் என்று கண்டார்கள்.

அதைப் பிடிப்பது எப்படி? வெல்டிங்கைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, வைரப் பிரமிடு முனையை 10 கிலோ பாரத்தில் வரிசையாக அழுத்துவார்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு குட்டிச் சதுரக் குழி விழும். இந்தச் சோதனையின் அளவுகோலான விக்கர்ஸில், ராக்வெல் 22-க்கு ஏறத்தாழ இணையான 250 என்ற வரம்பில் குழியின் மூலைவிட்டம் 0.27 மில்லிமீட்டர், 350 வந்துவிட்டால் 0.23. குழாயைத் தள்ளிவிடுவதா, ஏற்றுக்கொள்வதா என்பது அந்த 0.04 மில்லிமீட்டரில் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் இதை அளப்பவர் அவசரக்காரராக இருக்கக் கூடாது.

கஷகானில் பிறகு போட்ட குழாய்களுக்கு உள்பக்கம் நிக்கல் கலப்பு உலோகப் பூச்சு கொடுத்தார்கள். விலை அதிகம்தான், மூன்று ஆண்டு மூடிக் கிடந்த வயலுக்கு அது பெரிதாகத் தெரிந்திருக்காது. நீ நேர்முகத்துக்குப் போவதற்கு முன் ஐஎஸ்ஓ 15156-ஐ ஒருமுறை புரட்டிப் பார். அந்த 1975 விதிதான் வளர்ந்து இந்தப் பெயரில் மூன்று பாகங்களாக நிற்கிறது. கார்பன் எஃகு பற்றியது இரண்டாம் பாகம்.

அன்புடன்,
மாமா